சுண்ணாம்பு வைத்த பல்லுச் சில்லு

கராஜ் பொடியன்மாரே, எஞ்சினைத் திறப்பதற்கு முன்னால் வந்து கேட்டவன் உங்களில் ஒருவனும் இல்லை. திறந்து, பரப்பி, எது எங்கே இருந்தது என்று தெரியாமல் தலை சுற்றத் தொடங்கிய பிறகுதான் வருகிறீர்கள். "ஐயா, ஒருக்கா வந்து பாருங்க." வந்து பார்த்தால் பாதி நட் மண்ணில் கிடக்கும். நான் கத்துவேன். நீங்கள் முகத்தைத் தொங்கப் போடுவீர்கள். நான் வேலையிலிருந்து நின்ற பிறகும் இந்தக் கூத்து முடியவில்லை. கத்திக் கத்தி எனக்கும் தொண்டை போய்விட்டது. ஆகவே எழுதித் தருகிறேன். வாசித்துவிட்டு ஸ்பனரைத் தொடுங்கள்.

யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருடம் முந்திய கதை. மட்டக்களப்புப் பட்டணத்தில் ஒரு கராஜில் கைவேலைக்கு நின்றேன். டயர் கழற்றுவது, டியூபுக்கு ஒட்டுப் போடுவது, வண்டி கழுவுவது. எஞ்சினுக்குக் கிட்ட விடமாட்டார்கள். எஞ்சினைத் தொடுகிறவர் ஒருவர்தான். அவரை நாங்கள் பாஸ் என்போம். கராஜும் அவருடையதுதான். அவர் எஞ்சின் திறக்கும்போது நான் விளக்குமாற்றோடு பக்கத்தில் நின்று பார்ப்பேன். பார்த்ததையே படித்ததாக நினைத்துக்கொண்டேன். உங்களுக்கும் அந்த வியாதி இருக்கிறது.

அந்த வருடம்தான் செட்டிபாளையத்தில் கலியாணம் முடித்தேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியோடு அங்கே போய் இருக்க வேண்டும். எனக்குக் காணி இல்லை, மாடு இல்லை, தோணி இல்லை. "மாப்பிள்ளைக்கு மோட்டர் வேலை" என்று சொல்லித்தான் பெண் கொடுத்தார்கள். நான் அந்த வீட்டுக்குக் கொண்டுபோனது அந்த வேலை ஒன்றைத்தான். அது போனால் அங்கே நான் ஒன்றுமில்லை.

மாமனார் வேளாண்மைக் காலத்தில் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரை வயல் வட்டையில், அங்கே போட்ட வாடிக் குடிசையிலேயே தங்கிவிடுவார். வீட்டில் நானும் பெண்டாட்டியும் மாமியும். மாமிக்கு அப்போது நாற்பது வயதுகூட இராது. மருமகன் முன்னால் வரமாட்டார். நான் முற்றத்துக்கு வந்தால் அவர் சமைக்கிற குசினிக்குள் போய்விடுவார். எனக்கு ஏதும் சொல்ல வேண்டுமென்றால் குசினி மறைப்புக்குப் பின்னால் நின்று மகளுக்குச் சொல்வார். மகள் எனக்குச் சொல்வாள். நானும் அப்படியே. மூன்று பேரும் பத்தடிக்குள்தான் நிற்போம். எல்லாருக்கும் எல்லாம் கேட்கும். ஆனாலும் மகள் வாயால் வந்தால்தான் அது பேச்சு. எல்லா வீட்டிலும் அப்படித்தான். நான் அதைப் பிழை என்று நினைத்ததே இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை பாஸ் ஒரு மோட்டர் சைக்கிளை என்னிடம் தந்தார். படுவான்கரையில் அரசாங்க மருந்துச்சாலையில் வைத்தியம் பார்த்த அப்போதிக்கரியின் வண்டி. டயர் மாற்றியாகிவிட்டது, ஓட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வா என்றார். எனக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை. மெதுவாகப் போ என்றதைக் காதில் போடாமல் துறைவரைக்கும் பறந்தேன்.

துறையில் இரண்டு தோணியைச் சேர்த்துப் பலகை போட்ட ஓடம். ஓடக்காரன் என் பெண்டாட்டிக்கு ஒன்றுவிட்ட அண்ணன். எனக்கு மச்சான்.

"மச்சான், கயிறு போட்டுக் கட்டுவம்," என்றான்.

"வேணாம். கயிறு உரஞ்சினா பெயின்ட் போகும்."

"போனாப் போகட்டும். காத்து எழும்புது, பாரன்."

"நான் பிடிச்சுக்கொண்டுதானே நிக்கிறன். நீ கம்பக் குத்து."

பிடித்துக்கொண்டுகூட நிற்கவில்லை. வண்டியில் ஏறி, கவர்னர் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அக்கரை கிட்டக் கிட்டக் காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. ஓடம் சரிந்தது. நானும் வண்டியும் வாவிக்குள். நெஞ்சளவு தண்ணீர்தான், ஆனால் அடியில் சேறு. நாலு பேர் சேர்ந்து வண்டியை இழுத்துக் கரையில் போட அரை மணிக்கு மேல் போனது. அதன் புகைக்குழாயிலிருந்து உப்புத் தண்ணீரும் இறால் குஞ்சும் கொட்டின.

கரையில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவர் அப்போதிக்கரி. யாழ்ப்பாணத்து மனுசர். கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது.

"தம்பி," என்றார், "உள் ஊருகளிலை காய்ச்சல் பரவியிருக்கு. நான் பட்டணத்துக்குப் போய் மருந்து எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை காலமை உன்ர வீட்டடிக்கு வருவன். அப்ப இது ஓட வேணும். ஓடினா உன்ர பாஸுக்கு நான் ஒண்டும் சொல்லன். ஓடாட்டி நேரே போய்ச் சொல்லுவன். பிறகு உன்ர வேலை என்ன ஆகுமெண்டு உனக்கே தெரியும்."

அந்த நேரம் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். வண்டியை அன்றைக்கே பாஸிடம் கொண்டுபோய், "விழுத்திப்போட்டன்" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? எனக்குக் காய்ச்சல் என்று பாஸுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, வண்டியைத் திரும்ப ஓடத்தில் ஏற்றி இக்கரைக்குக் கொண்டுவந்து, பெண்டாட்டி வீட்டு முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

கழற்றுவது எப்படி என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கழற்றுவது எவனுக்கும் சுகம். ஒரு நட் விடும்போது வருகிற சந்தோசம் இருக்கிறதே, அது ஆளைக் கெடுக்கும். சிலிண்டரைத் தூக்கினேன், பிஸ்டனைத் தூக்கினேன். தண்ணீரும் சேறும் வந்தன. அத்தோடு நின்றிருந்தால் அரை நாள் வேலை. பக்கத்தில் ஒரு மூடி இருந்தது. அதைத் திறக்கத் தேவையே இல்லை. கை சும்மா இருக்கவில்லை, திறந்தேன்.

உள்ளே ஒரு சின்னப் பல்லுச் சில்லு, ஒரு பெரிய பல்லுச் சில்லு. ஒன்றின் பல்லு மற்றதைக் கடித்துக்கொண்டு நின்றது. பிஸ்டன் மேலே வருகிற நேரத்தையும் வால்வு திறக்கிற நேரத்தையும் சேர்த்துப் பிடிப்பது இந்த இரண்டு சில்லும்தான். எந்தப் பல்லு எந்தப் பல்லோடு நின்றது என்பது தெரியாமல் போனால் எஞ்சின் வெறும் இரும்பு. அது எனக்குத் தெரியும். பாஸ் கழற்றும் முன் அடையாளம் வைப்பதைப் பார்த்திருக்கிறேன். கத்தியால் கீறிப் பார்த்தேன். கெட்டி இரும்பு, கீறல் விழவில்லை. வெற்றிலைத் தட்டத்திலிருந்து சுண்ணாம்பு எடுத்து, கடித்துக்கொண்டு நின்ற இரண்டு பல்லிலும் ஒவ்வொரு பொட்டு வைத்தேன். பெரிய கெட்டித்தனம் செய்ததாக நினைப்பு. சில்லுகளைக் கழற்றிப் பாயில் வைத்தேன். வெள்ளையாகத் தெரிந்தது.

புதன்கிழமை காலை மண்ணெண்ணெய் வாங்கக் கடைக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் என் பாயைக் காணவில்லை. குசினி வாசலில் ஒரு புதுப் பாய் விரித்து, அதில் பிஸ்டன் முதல் நட் வரை எல்லாம் வரிசையாகக் கிடந்தன. வெள்ளித் தட்டம் மாதிரி மின்னின. அடுப்புச் சாம்பலும் தேங்காய்ப் பொச்சு நாரும் போட்டுத் தேய்த்து, துருப்பிடிக்காமல் தேங்காய் எண்ணெயும் பூசியிருந்தது. சுண்ணாம்புப் பொட்டு இருந்த இடமே தெரியவில்லை.

எனக்கு அது நான் கழற்றிய எஞ்சினாகவே தெரியவில்லை. வேறு யாருடையதோ போலிருந்தது. கறுப்பாக இருந்தபோது ஒவ்வொன்றையும் அதன் அழுக்கை வைத்து அடையாளம் பிடித்திருந்தேன். இப்போது எல்லாம் ஒரே பளபளப்பு. 

"ஆரு இதத் தொட்டது?" என்று கத்தினேன்.

பெண்டாட்டி ஓடி வந்தாள். "அம்மாதான் தேய்ச்சா. சேறும் உப்பும் ஏறிக் கிடக்கெண்டு, பாவம், நீங்க கடைக்குப் போன நேரந்தொட்டுக் குந்தியிருந்து தேய்ச்சவ. வெட்டுக்கத்திக்குப் பூசுறாப்போல எண்ணெயும் பூசி வைச்சவ."

"சுண்ணாம்பு வைச்சிருந்தனே, அது எங்க?"

"அது வெத்திலச் சுண்ணாம்பு பட்டிரிக்கெண்டு..."

குசினி மறைப்புக்குப் பின்னால் மாமி மெதுவாக ஏதோ சொன்னது கேட்டது. பெண்டாட்டி அந்தப் பக்கம் காதைக் கொடுத்துவிட்டு என்னிடம் திரும்பினாள். "அம்மா சொல்றா, அந்தப் பெரிய சில்லுல..."

"கொம்மாவச் சட்டி பானயக் கழுவச் சொல்லு. எஞ்சின்ல கை வைக்க வேணாமெண்டு சொல்லு."

பத்தடிக்குள் சொன்னேன். எல்லாருக்கும் கேட்டது. 

அன்று பகல் முழுக்கவும் மறுநாளும் நான் செய்ததை வேலை என்று சொல்ல எனக்கு வெட்கம். குத்துமதிப்பாக ஒரு பல்லில் பெரிய சில்லை வைத்து, எல்லாவற்றையும் பூட்டி, உதைத்துப் பார்ப்பது. ஓடாது. திரும்பக் கழற்றி, இரண்டு பல்லு தள்ளி வைத்து, திரும்பப் பூட்டுவது. பிஸ்டன் மேலே வரும். கீழே போகும். மறுபடி மேலே வரும். ஒரு தடவை வருவது நெருப்புக்கு, மற்றத் தடவை வருவது புகை போக. இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான். இது எந்தத் தடவை? கையால் உருட்டி உருட்டிப் பார்த்தேன். முதல் தடவை என்று நினைத்தது அடுத்த நிமிடம் இரண்டாவது போல இருக்கும். வால்வு திறந்திருக்க வேண்டுமா, மூடியிருக்க வேண்டுமா? பாஸ் செய்ததை நினைத்துப் பார்த்தேன். நினைவில் வந்தது அவருடைய முதுகும் என் விளக்குமாறும்தான்.

ஒரு தடவை உதைத்தேன், கிக்கர் திருப்பி உதைத்தது. கணுக்கால் வீங்கிவிட்டது. இன்னொரு தடவை காபரேற்றரால் நெருப்பு வந்து பெரிய வெடிச் சத்தம். கோழியெல்லாம் வேலியால் பறந்தன. சத்தம் கேட்டு ஓடக்கார மச்சான் வந்துவிட்டான். வந்தவன் வேலியில் சாய்ந்து நின்றான்.

"என்ன மச்சான், மான் சுடுறாயா?"

"போடா."

"இல்ல, உப்புத் தண்ணி குடிச்ச வண்டி. தாகம் எடுத்திரிக்கும். ஒரு இளநி வெட்டிக் குடுத்துப் பாரன்."

"கல்லால எறிவன், போ!"

"கயித்தால கட்டுவமெண்டு சொன்னவனுக்குக் கல்லா? சரி சரி. பெயின்ட் நல்லாத்தான் இரிக்கி." சிரித்துக்கொண்டே போனான்.

வியாழக்கிழமை பின்னேரம் ஆகிவிட்டது. விடிந்தால் அப்போதிக்கரி வருவார். சில்லை மடியில் வைத்துக்கொண்டு பலாமரத்தடியில் குந்தியிருந்தேன். எனக்கு எது மேல் எது கீழ் என்றே புரியாத நிலை. வேலை போனால் எங்கே போவது? தாய் வீட்டில் என் தங்கச்சிமார் இருக்கிறார்கள், அது அவர்களின் வீடு. பெண்டாட்டி சோற்றைக் கொண்டுவந்து வைத்தாள். நான் தொடவில்லை.

குசினிக்குள்ளிருந்து மாமியின் குரல் வந்தது. "புள்ள, அவருக்குச் சொல்லு..."

பெண்டாட்டி சட்டென்று எழும்பினாள். அவளுக்கும் மூன்று நாளாக இருந்தது எல்லாம் வந்துவிட்டது.

"நான் சொல்லமாட்டன்! நேத்துச் சொல்லப் போய் என்ன கிடைச்சது? நீங்க சொல்றத அங்க காவி, அவர் பேசுறத இஞ்ச காவி, எனக்கு ஏலா. ரெண்டு பேருக்கும் வாய் இரிக்கிதானே? நேர பறயுங்க." குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

முற்றத்தில் நான். மறைப்புக்குப் பின்னால் மாமி. நடுவில் ஒருவரும் இல்லை.  கிணற்றடியில் அவள் வேண்டுமென்றே வாளியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"மாமி," என்றேன். கலியாணம் முடித்து ஏழு மாதத்தில் முதல் தடவை. "என்ன சொல்ல வந்தீங்க?"

 மாமி சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பாயின் அந்த ஓரத்தில் குந்திக்கொண்டு, பெரிய சில்லைத் தரும்படி கையை நீட்டினார். கொடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பி ஒரு பல்லின் அடியில் விரலை வைத்தார்.

"இதுல ஒரு புள்ளி கிடக்கு. ஊசியால குத்தினாப்போல. தேய்க்கக்குள்ள கண்டன்."

குனிந்து பார்த்தேன். இருந்தது.

"அந்தச் சின்னச் சில்லுலயும் அதேமாதிரி ஒண்டு கிடக்கு. துருவெண்டா இப்பிடி வட்டமா இராது. ஆரோ வேணுமெண்டு குத்தினது. தட்டான் தோட்டுக்கும் திருகுச் சுரைக்கும் சோடிப் புள்ளி வைப்பான். எந்தத் தோட்டுக்கு எந்தச் சுரையெண்டு மாறாம இரிக்க. அதப்போல இரிக்குமெண்டு நினைச்சன். ரெண்டு புள்ளியும் ஒண்டையொண்டு பார்க்க வைச்சா..." நிறுத்திவிட்டு, "எனக்கு இது தெரியாது மருமகன். பிழையோ தெரியாது," என்றார்.

பிழை இல்லை. எஞ்சினைச் செய்தவன் வைத்த அடையாளம் அது. வருடக்கணக்காக எரிந்த எண்ணெய்க்குக் கீழே மூடிக் கிடந்தது. அதன் மேல்தான் நான் சுண்ணாம்பு பூசிக் கெட்டித்தனம் காட்டினேன். நான் இரண்டு நாள் திட்டித் தீர்த்த அந்தச் சாம்பல்தான் அதை வெளியே கொண்டுவந்தது. அதை அவர் புதன்கிழமை காலையே எனக்குச் சொல்ல வந்தார். நான் சட்டி பானை கழுவச் சொன்னேன்.

இரண்டு புள்ளியையும் எதிரெதிரே வைத்தேன். வால்வு எல்லாம் தன் இடத்தில் வந்து நின்றது. அந்த ஒரு நிமிடத்தில் குழப்பம் எங்கே போனதென்றே தெரியவில்லை. பூட்டும்வரை மாமி அங்கேயே குந்தியிருந்து, நான் கேட்க முதலே அடுத்த நட்டை எடுத்துத் தந்தார். எது எங்கே கிடந்தது என்று என்னைவிட அவருக்குத்தான் தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அப்போதிக்கரி மருந்துப் பெட்டியோடு வந்தார். மூன்றாவது உதையில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. உள்ளே இருந்த தேங்காய் எண்ணெய் எரிந்து முற்றம் முழுக்கப் புகை.

அப்போதிக்கரி மூக்கைச் சுருக்கினார். "என்ன தம்பி, எஞ்சினுக்குள்ளை வடையே சுட்டனீ?"

"ஓடுதுதானே ஐயா."

"ஓடுது. நல்லா ஓடுது." பெட்டியைப் பின்னால் கட்டினார். இந்த முறை கயிற்றை நானே மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கினேன். அவர் துறைப் பக்கம் போனார்.

அந்த மனுசர் சொன்ன சொல்லை வேறு விதமாகக் காப்பாற்றினார். அடுத்த கிழமை பட்டணத்துக்கு வந்தபோது, உன் பொடியன் கெட்டிக்காரன், தண்ணீரில் விழுந்த வண்டியை வீட்டில் வைத்தே ஓட வைத்தான் என்று பாஸிடம் புகழ்ந்துவிட்டார். நல்லது செய்கிற நினைப்பில்.

பாஸ் என்னைக் கூப்பிட்டார்.

"காய்ச்சல் சுகமா?"

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"பக்கத்து மூடிய ஏன் திறந்தாய்?"

"தண்ணி போயிரிக்குமெண்டு..."

"பொய். திறந்து பார்க்க ஆசை. தண்ணிய வடிச்சு, எண்ணெய் ஊத்திக் கழுவி, மக்னீற்றோவக் காய வைச்சிருந்தா முடிஞ்ச வேலை." என் கன்னத்தில் ஒன்று விழும் என்று நின்றேன். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். "சில்லக் கழட்டின நீ மறுகா எப்பிடிச் சரியா வைச்சாய்?"

"புள்ளி இரிக்கி, பாஸ். ரெண்டுலயும்."

"அந்தப் புள்ளிய ஆரு கண்டது?"

கேட்ட கேள்வி அதுதான். நேரான கேள்வி. "நான்தான்," என்றேன். "கழுவக்குள்ள கண்டன்."

பாஸ் கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தார். "சொல்லாம வைச்சதுக்கு உன்ன வேலையால கலைக்கத்தான் இருந்தனான். ஆனா கண் இரிக்கி உனக்கு. நாளையிலிருந்து எஞ்சின் பக்கம் வா." நான் மெக்கானிக் ஆனது அந்த இடத்தில். பொய் சொன்ன அந்த வாயால்.

வீட்டுக்கு ஓடினேன். அந்த ஒரு கிழமையாக மாமி மறைப்புக்குப் பின்னால் போகவில்லை. நான் வந்தால் முன்னால் வருவார், தானே சோறு போடுவார், "இண்டைக்கு என்ன வண்டி வந்தது மருமகன்?" என்று கேட்பார். அன்றும் சோற்றுப் பானையோடு நின்றார். நான் வாசலிலேயே தொடங்கிவிட்டேன், பாஸ் என்னை எஞ்சினுக்கு எடுத்துவிட்டார், எனக்குக் கண் இருக்கிறதாம் என்று.

பெண்டாட்டி கேட்டாள்: "புள்ளிய ஆரு கண்டதெண்டு சொன்னீங்க?"

"நான் கண்டதெண்டுதான் சொன்னன். மாமி கண்டவவெண்டு சொன்னா கராஜே சிரிக்கும்."

 மாமி பானையை மகளின் கையில் கொடுத்தார். குசினிக்குள் போனார். உள்ளேயிருந்து குரல் வந்தது. "புள்ள, அவருக்குச் சோறு போடு."

அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் இருந்தார். அந்த வீட்டில் என் பிள்ளைகள் எல்லாரையும் வளர்த்தார். என்னோடு நேரே ஒரு சொல் பேசவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று இருந்துவிட்டேன்.

எஞ்சினைப் பற்றி இதிலிருந்து என்ன வேண்டுமானாலும் படித்துக்கொள்ளுங்கள். தேவையில்லாத மூடியைத் திறக்காதே, விழுத்தினால் அன்றைக்கே சொல்லு, உனக்குப் புரியாத நேரத்தில் பக்கத்தில் நிற்கிறவர் வாயைத் திறந்தால் கத்தாதே. அதெல்லாம் சரிதான். ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது அதற்கு மட்டும் இல்லை. கராஜில் இந்தக் கதையை நான் உங்களுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் புள்ளியைக் கண்டவன் நான் என்றேன். அது பொய். கண்டவர் என் மாமி. இனி எவனாவது இந்தக் கதையைச் சொன்னால் அப்படியே சொல்லுங்கள்.